வேண்டாத இடத்தில் வளரும் எலும்பு: பக்கவாதமுற்றோரைப் பேணும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்



உயிருக்கு அபாயம் நீங்கிவிட்டது என்று ஆறுதல் கூறி மருத்துவமனையிலிருந்து அனுப்பிவைத்த பிறகு, ஒரு பக்கத்துக் கையும் காலும் சுவாதீனம் இழந்துவிட்ட தந்தையையோ தாயையோ கணவரையோ மனைவியையோ வீட்டுக்கு அழைத்து வந்து, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, ஆகாரம் ஊட்டி, படுக்கைப்புண் வந்துவிடாதபடி நள்ளிரவிலும் எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போகும் வைத்தியங்களையெல்லாம் பொறுமையோடு காதில் வாங்கிக்கொண்டு காலம் கழிக்கிற உங்களுக்கு, மருத்துவத் தொழிலில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு இம்மடலை எழுதத் துணிகிறேன். பக்கவாதத்தின் பின்விளைவுகளில் படுக்கைப்புண், மனச்சோர்வு, உண்ணும்போது புரையேறுதல், தோள்பட்டை இறங்கிப்போதல் ஆகியவற்றைப் பற்றி எவரேனும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால், செயலிழந்த பக்கத்து மூட்டைச் சுற்றி, எலும்புக்கு இடமில்லாத தசைப்பகுதியில், புதிதாக எலும்பு வளரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அப்படி வளர்ந்த எலும்பை அதிர்வலை கொண்டு கரைத்துவிடலாம் என்ற பேச்சும் இப்போது காதில் விழத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை, பணத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே செலவிடப்போகிற நீங்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

இந்தக் கோளாறு எல்லோருக்கும் வருவதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். முதுகுத்தண்டில் பலத்த காயமுற்றவர்களுக்கும், விபத்தில் தலை அடிபட்டவர்களுக்கும் இது அடிக்கடி வருகிறது. பக்கவாதத்தில் அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. அரிதாக வருவதே இதன் பெருந்தொல்லை என்றுகூடச் சொல்லலாம். எதிர்பாராத நோயை எவரும் தேடுவதில்லை அல்லவா? நினைவு தப்பிப் பல நாள் கிடந்தவர்கள், தசைகள் விறைத்து இறுகிப்போனவர்கள், அசைவின்றி வாரக்கணக்கில் படுத்திருந்தவர்கள் ஆகியோரிடத்தில் இது தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம். நோய் கண்ட மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, மூன்று நான்கு மாதங்களுக்குள் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். இடுப்பு மூட்டு, முழங்கை, தோள், முழங்கால் ஆகிய பெரிய மூட்டுகளையே இது நாடும். சென்ற வாரம் வரை தாராளமாக மடங்கிய முழங்கை இந்த வாரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பும், சிறிது வீக்கமும், சில வேளை செந்நிறமும் தென்படுகின்றன. மடக்க முயன்றால், வாய் திறந்து சொல்ல முடியாதவர்கூட முகத்தைச் சுளிக்கிறார். சிலருக்கு இலேசான காய்ச்சலும் அடிக்கிறது. இவ்வளவையும் பார்க்கிற குடும்பத்தார், நரம்பு இழுத்துக்கொண்டது என்று முடிவு கட்டி, எண்ணெயைக் காய்ச்சத் தொடங்குகிறார்கள்.

வளர்வது எலும்புதானா, வெறும் சுண்ணாம்புப் படிவுதானா என்று கேட்பீர்களானால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் எலும்புதான். நாளடைவில் முற்றிய பிறகு அதனை அறுத்துப் பார்த்தால், எலும்புக்கு உரிய அடுக்கமைப்பும், உள்ளே மஜ்ஜையும், இரத்தக் குழாய்களும் இருக்கக் காணலாம். குறை சொல்ல ஏதுமில்லாத எலும்பு, ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதே குற்றம். எனவே, கால்சியம் மிகுந்துவிட்டதால்தான் இது வந்தது என்று எண்ணி, நோயாளிக்குக் கொடுத்துவந்த பாலையும் தயிரையும் கேழ்வரகுக் கஞ்சியையும் நிறுத்திவிடுகிற வழக்கம் அடியோடு தவறானது. இவர்களது இரத்தத்தில் கால்சியத்தின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். விந்தை என்னவென்றால், செயலிழந்த கையிலும் காலிலும் இருக்கவேண்டிய இடத்திலுள்ள எலும்பு, உபயோகம் இல்லாமையால், மாதாமாதம் மெலிந்து வலுவிழந்துகொண்டே போகிறது. அதே சமயத்தில், அதற்குச் சற்றுத் தள்ளி, தசைக்குள் புதிய எலும்பு தோன்றுகிறது. உள்ள எலும்பு தேயும்போது பாலை நிறுத்துவது, இருக்கிற சங்கடத்தோடு இன்னொன்றைக் கூட்டுவதாகவே முடியும்.

இந்நோயைத் தெளிவாக வருணித்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி என்பதை இவ்விடத்தில் நினைவுகூராமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1859-இல் பிறந்து, பிரான்ஸில் குடியேறி, பெண்களுக்குக் கதவு திறவாதிருந்த பாரிஸ் மருத்துவமனைகளில் போராடி இடம்பெற்று, நரம்பியலில் மாமேதை என்று பெயரெடுத்த ஒகுஸ்தா தெஜெரின்-க்ளும்ப்கே அம்மையார், முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த போர்வீரர்களைப் பரிசோதித்து வருகையில், அவர்களில் பலருடைய இடுப்பையும் முழங்காலையும் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டு, செயிய்யே என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1918-இல் அதனை விரிவாக எழுதி வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகியும், நரம்பு மண்டலத்தில் ஏற்பட்ட காயம் அதற்கு வெகு தூரத்திலுள்ள தசைக்குள் எலும்பை எவ்வாறு வரவழைக்கிறது என்ற கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு பெரிய வெளிச்சம் 1965-இல் கிடைத்தது. மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டைப் பிராணிகளின் தசைக்குள் புதைத்து வைத்தபோது, அத்தசையிலேயே புதிய எலும்பு உண்டாவதைக் கண்டார். எலும்பை உண்டாக்கும் ஆணையைத் தாங்கி நிற்கும் புரதங்கள் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன என்பது அதிலிருந்து விளங்கிற்று. தசையில் உறங்கிக் கிடக்கும் சில உயிரணுக்களுக்கு அந்த ஆணை எட்டிவிட்டால், அவை எலும்பாக மாறும் வல்லமை உடையவை. மூளையோ தண்டோ சேதமுற்றபின் உடலில் எழும் அழற்சியும், அசைவற்ற மூட்டைச் சுற்றித் தசையில் ஏற்படும் சிறு சிறு சிராய்ப்புகளும் சேர்ந்து அந்த ஆணையைப் பிறப்பிக்கின்றன என்பதே இன்று பலர் ஒப்பும் கருத்து.

அந்தச் சிராய்ப்புகளைப் பற்றித்தான் உங்களிடம் சற்று வற்புறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த மிக்கேல்சன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் 1980-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். முயலின் காலை அசையாதபடி கட்டி வைத்து, இடையிடையே கட்டை அவிழ்த்து, இறுகிப்போன முழங்காலை வலிந்து மடக்கி நீட்டிவிட்டு, மறுபடியும் கட்டி வைத்தார்கள். சில வாரங்களில் அதன் தொடைத் தசைக்குள் எலும்பு உண்டாயிற்று. முயலுக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் அசையாமல் கிடக்கிற கையை, மாலையில் வந்த ஒருவர், தம் முழு பலத்தையும் பிரயோகித்து, நோயாளி அலற அலற, மடக்கி, முறுக்கி, நீவி, சொடுக்கெடுத்துவிட்டு, மறுநாள் மாலைவரை மீண்டும் அசைவற்றுக் கிடக்கும்படி விட்டுச் செல்கிறார். வலி பொறுத்தால்தான் கை திரும்பும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. நோயாளி அழுவதைக் கண்டு குடும்பத்தார் கண்ணீர் விட்டாலும், சிகிச்சை நடக்கிறது என்ற திருப்தியும் அவர்களுக்கு ஏற்படுகிறது. முயல் பரிசோதனையின் கதைக்கு இதைவிட நெருங்கிய நடைமுறையை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். மேலும், நான் முன்னே சொன்னபடி மெலிந்துபோன எலும்பு, இத்தகைய முரட்டுப் பிடிக்குள் முறிந்துவிடுவதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, அசைக்கவே கூடாது போலும் என்று எண்ணிக் கையைத் தலையணைமேல் சாத்தி வைத்துவிடுவீர்களானால், அது இன்னொரு கோடிக்குப் போவதாகும். அசைவின்மை இந்நோயை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று. மூட்டு உறைந்து போவதற்கும் அதுவே வழி. வேண்டுவது என்னவென்றால், வலி தொடங்கும் எல்லை வரையில், மெதுவாக, ஒரு நாளில் பலமுறை, இயன்முறை மருத்துவர் காட்டித் தந்த விதத்தில், மூட்டை அதன் இயல்பான பாதையிலே கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான். எல்லையைத் தாண்டி ஓர் அங்குலம் அதிகம் சம்பாதிக்க வேண்டும் என்கிற ஆசையே அபாயத்தின் தொடக்கம். எண்ணெய் தடவி மேலாக இதமாகத் தேய்ப்பதில் குற்றமில்லை. நோயாளிக்கு அது ஒரு சுகம், தொடுகிற மகளுக்கோ மகனுக்கோ அது ஒரு நிறைவு. ஆனால் சூடும் வீக்கமும் தோன்றிய மூட்டில், காரணம் இன்னதென்று தெரியும் வரையில், கையால் அழுத்தித் தேய்ப்பது அறவே கூடாது.

காரணத்தைத் தெரிந்துகொள்வது எப்படி? வீங்கியது காலாக இருந்தால், மருத்துவர் முதலில் நினைக்கவேண்டியது எலும்பையன்று; ஆழத்திலுள்ள இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்துபோயிருக்கிறதா என்பதையே. அது நுரையீரலுக்குச் சென்று அடைத்து உயிரைப் பறிக்கக்கூடியதாகையால், டாப்ளர் ஸ்கேன் செய்து பார்த்து அந்தச் சந்தேகத்தை முன்னதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கதே. இவை இரண்டும் இல்லையென்று ஆனபின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. சாதாரண ஆய்வுக்கூடங்களிலும் செய்யக்கூடியது. புது எலும்பு தோன்றும்போது இதன் அளவு பெரும்பாலும் உயரும். கல்லீரல் கோளாறிலும், எலும்பு முறிவு கூடும்போதும்கூட இது உயரும் என்பதால், இதை ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. எக்ஸ்-ரே படத்தில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என ஆறுதலடைந்து திரும்பிய பலர், மேலும் இரண்டு மாதம் மூட்டை மடக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால், எலும்பு ஸ்கேன் என்னும் அணு மருத்துவப் பரிசோதனை வெகு முன்னதாகவே காட்டிக் கொடுக்கும். அது இல்லாத ஊரில், சில வாரம் கழித்து எக்ஸ்-ரேயை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அதிர்வலையைப் பற்றிச் சொல்கிறேன். டோர்னியர் என்னும் ஜெர்மானிய விமானக் கம்பெனியார், ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதும்போது உண்டாகும் அதிர்வு எவ்வளவு தொலைவு ஊடுருவிச் சென்று சேதம் விளைவிக்கிறது என்று ஆராயப் புகுந்ததிலிருந்து இக்கதை தொடங்குகிறது. அந்த ஆராய்ச்சியின் கிளையாக, உடலுக்கு வெளியேயிருந்து அதிர்வலையைச் செலுத்தி உள்ளேயுள்ள சிறுநீரகக் கல்லை உடைக்கலாம் என்ற எண்ணம் உதித்து, 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌஸி என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் முதல் நோயாளிக்கு அதனைச் செய்து வெற்றி கண்டார்கள். கத்தி வைக்காமல் கல் உடைப்பது என்று இன்று நம் ஊர்களிலெல்லாம் பிரசித்தமாக இருப்பது அதுவே. இதில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. பிசியோதெரபி நிலையங்களில் கரண்ட் வைப்பது என்று நாம் சொல்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்ததும் அன்று. நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகளுக்குள்ளேயே உச்சத்துக்கு ஏறிவிடுகிற ஓர் அழுத்த அலை, தசையின் வழியே ஊடுருவிச் சென்று குறித்த இடத்தில் தன் வேகத்தைக் காட்டுகிறது.

கல்லை உடைக்கிற அலை எலும்பையும் உடைக்காதா என்பதுதான் எல்லோர் மனத்திலும் எழுகிற கேள்வி. இக்கேள்விக்கு ஆம் என்ற விடையைக் குறிப்பாக உணர்த்தியே விளம்பரங்கள் எழுதப்படுகின்றன. உண்மை இதற்கு நேர்மாறான திசையில் இருக்கிறது. கல் உயிரற்றது, அடித்தால் பொடியாகும். எலும்பு உயிருள்ளது, அளவோடு அடித்தால் வளரும். முறிந்தும் கூடாமல் நெடுநாள் கிடந்த எலும்புகளின்மீது பல்கேரிய நாட்டு மருத்துவர்களான வால்ச்சானோவும் மிகைலோவும் இவ்வலையைச் செலுத்தி, 82 பேரில் 70 பேருக்கு எலும்பு கூடியதென்று 1991-இல் எழுதினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் இம்முறை கையாளப்பட்டு வருகிறது. எலும்பை வளர்ப்பதற்கென்று பயன்படுத்தும் ஒரு கருவியை, வேண்டாத எலும்பு வளர்ந்த இடத்தில் பிரயோகிப்பது எங்ஙனம் பொருந்தும் என்று நீங்கள் கேட்டால், அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. அதைக் கேட்காமலே சிகிச்சையைத் தொடங்குகிறவரிடம்தான் நான் சந்தேகம் கொள்வேன். விடை என்னவென்றால், இச்சிகிச்சையை ஆராய்ந்தவர்கள் முதன்மையாக நாடியது எலும்பைக் கரைப்பதையன்று, நோவைத் தணிப்பதையே. நோவை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய நரம்பு இழைகளின் செயலை இவ்வலை தணிக்கிறது என்றும், அவ்விடத்து இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது என்றும், விறைத்த தசையின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துகிறது என்றும் கருதப்படுகிறது. நோவு தணிந்தால் நோயாளி மூட்டை அசைக்க இசைவார்; அசைத்தால் மிஞ்சியிருக்கிற அசைவாவது நிலைக்கும். இச்சிகிச்சையின் முழு நியாயமும் இவ்வளவுதான். இதுவே சிறிய காரியமும் அன்று.

சான்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் ப்ரிஸோ என்பவரும் அவர் குழுவினரும், இவ்வாறு எலும்பு வளர்ந்த 26 பேருக்கு அதிர்வலை கொடுத்து, நோவு தணிந்ததையும் அசைவு ஓரளவு பெருகியதையும் 2005-இல் தெரிவித்தார்கள். தலையில் அடிபட்டதைத் தொடர்ந்து இடுப்பிலோ முழங்காலிலோ எலும்பு வளர்ந்து நாட்பட்டுப்போன 11 பேருக்கு, 8 வாரங்களில் 4 முறை அதிர்வலை கொடுத்துப் பார்த்த ரெஸ்னிக் என்னும் பெண்மணியின் குழுவினர், நோவு குறைந்ததென்றும் செயல்திறன் சிறிது கூடியதென்றும் 2017-இல் எழுதினார்கள். இவற்றில் இரண்டாவது ஆய்வில் பங்கேற்றவர்கள் பக்கவாத நோயாளர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் எலும்பைப் பற்றி உள்ளவை, விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளர்களைக் குறித்த அறிக்கைகளே. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த எலும்பு முற்றி முதிர்ந்து அடங்கும்போது, சிகிச்சை ஏதும் செய்யாமலே நோவும் சூடும் தாமாகத் தணிவது இந்நோயின் இயற்கை. அதிர்வலை கொடுத்த பிறகு நோவு தணிந்ததென்றால், தணித்தது அலையா காலமா என்று பிரித்தறிய வேண்டுமானால், சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடும் பெரிய ஆய்வு வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வின் பலம் இச்சிகிச்சைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

தசை விறைப்பின் விஷயத்தில் நிலைமை இதைவிடச் சற்று மேல். இத்தாலியில் வெரோனா நகரத்து மங்கனோட்டியும் அமெலியோவும், பக்கவாதத்தால் மணிக்கட்டும் விரல்களும் இறுகிப்போன 20 பேருக்கு அதிர்வலை கொடுத்து, அதற்கு முன் அதே நோயாளர்களுக்குப் பொய்ச்சிகிச்சையும் கொடுத்து ஒப்பிட்டு, விரல் தசைகளின் தளர்ச்சி 12 வாரம் வரையிலும் நிலைத்ததாக 2005-இல் வெளியிட்டார்கள்; பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதை ஒட்டியே பேசுகின்றன. எனவே உங்கள் மருத்துவர் அதிர்வலையைச் சொன்னால், எலும்பின் நோவுக்காகவா தசையின் விறைப்புக்காகவா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கருவியை வைக்கும் இடமும் அலையின் வலிமையும் வெவ்வேறாகும்.

சிகிச்சை நடக்கும் விதம் பயப்படும்படியானது அன்று. தோலின்மேல் பசைபோன்ற ஒரு களிம்பைத் தடவி, கருவியின் முனையை அதன்மேல் வைத்து, ஓர் அமர்வில் பொதுவாக 2000 முதல் 3000 வரை அதிர்வுகளைச் செலுத்துவார்கள். வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் நடக்கும். தட்டுவது போன்ற உணர்ச்சியும் ஓரளவு வலியும் இருக்கும். தோல் சிவப்பதும், சிறிய இரத்தக் கன்றல் உண்டாவதும் சகஜம். இதற்கென விற்கப்படும் கருவிகளில் இரு ஜாதி உண்டு. ஒன்று, அலையைக் குவித்து ஆழத்தில் குறித்த இடத்துக்கு அனுப்புவது. மற்றொன்று, அழுத்தப்பட்ட காற்றினால் ஓர் உலோகத் துண்டைக் கருவியின் முனையில் மோதச் செய்து, மேலிருந்து பரவி ஆழம் செல்லச் செல்ல வலுக்குறையும் அலையை உண்டாக்குவது. பின்னது விலை மலிவானது. ஆகவே எங்கும் பரவியிருப்பதும் அதுவே. இடுப்பு மூட்டின் ஆழத்தில் வளர்ந்த எலும்பை அது எட்டுவது அரிது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஷாக் வேவ் என்று ஒரே பெயரால் வழங்கி ஒரே கட்டணம் வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

பக்கவாத நோயாளர்களைப் பொறுத்தவரை, குறிப்பாகக் கவனிக்கவேண்டிய இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதால் பக்கவாதம் வந்தவர்களுக்கு வார்ஃபரின், அபிக்சபான் முதலிய, இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மாத்திரைகளைக் கொடுத்திருப்பார்கள். அவற்றை உட்கொள்பவருக்கு இவ்வலையால் தசைக்குள் இரத்தக் கசிவு ஏற்படலாம். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டால் இன்னொரு பக்கவாதத்தை வருந்தி அழைப்பதாகும். அந்த நோயாளிக்கு இச்சிகிச்சையே வேண்டாமென்று விடுவதுதான் பெரும்பாலும் சரி. மற்றொன்று, பேச்சிழந்தவர்களையும், செயலிழந்த பக்கத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களையும் பற்றியது. சாதாரண நோயாளி வலிக்கிறதென்று சொல்லிக் கருவியின் வலிமையைக் குறைக்கச் செய்வார், இவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே அவர்களை நன்கறிந்த உங்களில் ஒருவர் அருகிலேயே நின்று முகத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்; அறைக்கு வெளியே காத்திருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இவை தவிர, அவ்விடத்தில் புற்றுநோயோ சீழோ உள்ளவர்களுக்கு இது கூடாது; தோளில் செய்யும்போது அலை நுரையீரலை நோக்கிச் செல்லாதபடி பார்க்க வேண்டும்; பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

வேறு வழிகள் என்ன இருக்கின்றன? இண்டோமெத்தசின் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகள், எலும்பு உண்டாவதைத் தடுக்க உதவுவதாக இடுப்பு அறுவையில் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே ஆஸ்பிரினும் இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மருந்துகளும் உட்கொள்ளும் பக்கவாத நோயாளருக்கு அவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும், இதயத்துக்கும் ஆகா. மருத்துவரின் நேர்ப்பார்வையின்றிக் கடையில் வாங்கிக் கொடுக்கத்தக்கவை அல்ல. முதிர்ந்த எலும்பை முற்றாக நீக்க வல்லது அறுவைச் சிகிச்சை ஒன்றே. எலும்பு முதிரட்டும் என்று ஓராண்டு ஒன்றரை ஆண்டு காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது நோயாளியின் நிலை பார்த்து முன்னதாகவும் செய்கிறார்கள். இரத்தம் மிகுதியாகப் போகும், எலும்பு மறுபடியும் வளரக்கூடும் என்பதால், எல்லோருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. இடுப்பு மடங்காமையால் நாற்காலியில் உட்காரவே முடியாதவர், படுக்கைப்புண் ஆறாதவர், முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு நெரிபட்டுச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனவர் ஆகியோருக்கே அது பயன் தரும். மூட்டு சிறிது இறுகியிருந்தாலும் நோவில்லாமல், உட்காரவும் உடுத்தவும் இடையூறின்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாதிருப்பதே சிறந்த சிகிச்சை. படத்தில் எலும்பு தெரிகிறதே என்பதற்காக அதை ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் நோயாளிக்கு வேண்டாத தொந்தரவாகும்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். வீட்டிலுள்ள நோயாளியின் பெரிய மூட்டுகளை, குளிப்பாட்டும்போது, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகவும் வீக்கமாகவும் இருந்து, அசைவும் குறைந்திருந்தால், அன்றே நீவுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு வளர்கிறதா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நோவு தாங்க முடியாமல் அதனாலேயே பயிற்சி நின்றுபோயிருக்கிறது, இரத்த மருந்துகளால் தடையும் இல்லை, குவித்துச் செலுத்தும் கருவியும் அதில் பழகிய மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்றால், அதிர்வலையைச் சில முறை செய்து பார்ப்பதில் தவறில்லை. மூன்று நான்கு அமர்வுகளில் நோவு குறையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். எலும்பைக் கரைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்து அதிர்வலைக்குப் போவதைக் காட்டிலும், அந்தப் பணத்தில் நிதானமான இயன்முறை மருத்துவர் ஒருவரை வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வரவழைத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து நீங்களும் கற்றுக்கொள்வது அதிகப் பலன் தரும் என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
ஓய்வுபெற்ற மருத்துவன் ஒருவன்